வாசித்துக் காட்டிய கடிதங்கள்

கோவில்பட்டி,
22-6-97

பிரியமுள்ள தங்கச்சி உமாதேவிக்கு அக்கா கல்யாணசுந்தரி எழுதுவது. நானும் உன் அத்தானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். உன் வீட்டுக்காரர் விஜயராஜ் தம்பிக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? உருளைக்கிழங்கு மூட்டையை அவரே இறக்கவேண்டாம், மண்டியில் அதற்குத்தானே ஆள் வைத்திருக்கிறது என்று நான் திட்டியதாகச் சொல்.

சுதாவை மலைமேல் பள்ளிக்கூடத்தில் விட்டு வந்து பதினெட்டு நாள் ஆகிறது. ஒன்பது வயதுப் பிள்ளை. வீடு வெறிச்சென்று கிடக்கிறது. உன் அத்தானிடம் சொன்னால், "எப்பப் பாத்தாலும் மூக்கைச் சிந்திக்கிட்டு இருக்காத. நாளைக்கு அவதான இந்த கம்பெனிய நடத்தணும்" என்கிறார். போன வருஷம் டெல்லிக்காரர் ஒருவர் தீப்பெட்டி ஆர்டர் பேச வந்தார் இல்லையா, அன்றைக்குப் பிடித்த கிறுக்கு இது. அந்த ஆள் இங்கிலீஷில் பேசப் பேச இவர் தலையை மட்டும் ஆட்டியிருக்கிறார். பக்கத்துக் கம்பெனி முதலாளியின் மருமகள் வந்து பத்து நிமிஷம் பேசினாள், ஆர்டர் அங்கே போய்விட்டது. அன்று சாப்பிடாமல் படுத்தவர், எழுந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "சுதாவை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல போடணும்" என்பதுதான்.

முதல் கடிதம் நேற்று வந்தது. முழுக்க இங்கிலீஷ். அங்கே அதுதான் சட்டமாம். சாப்பிட்டுக் கை கழுவி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உன் அத்தான் வாசித்துத் தமிழில் சொன்னார். நன்றாக இருக்கிறாளாம். பம்பாய்ப் பிள்ளை ஒருத்தி சிநேகிதியாம். அப்பாவுக்கு இருமல் எப்படி இருக்கிறது, தீப்பெட்டி மருந்துத் தூசியில் நிற்கவேண்டாம் என்று எழுதியிருக்கிறாள். பதினெட்டு நாளில் இவ்வளவு எழுத வந்துவிட்டதே என்று எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் பயமாகவும் இருக்கிறது.

முதல் வருஷம் தாய் தகப்பன் போய்ப் பார்க்கக் கூடாதாம், பிள்ளைகள் அழுமாம். கார்டியன் என்று உன் பெயரைத்தான் கொடுத்திருக்கிறோம். மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம்தானே. மாதத்தின் முதல் ஞாயிறு போய்ப் பார்த்து, எனக்கு ஒன்று விடாமல் எழுது. போன் வேண்டாம். அது கம்பெனியில் அவர் மேஜைமேல் இருக்கிறது, அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் என்ன பேச?

உன் முகத்தையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அக்கா

*

மேட்டுப்பாளையம்,
9-7-97

அன்புள்ள அக்காவுக்கு உமாவின் வணக்கம். இவருக்கு முட்டிவலி தேவலை. நீ திட்டியதைச் சொன்னேன், சிரித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சுதாவைப் பார்த்தேன். நலமாக இருக்கிறாள். கொஞ்சம் மெலிவுதான், குளிர் ஊர் இல்லையா. வெளிப் பண்டம் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்றார்கள். அதனால் முறுக்கை அங்கேயே உட்காரவைத்து ஊட்டிவிட்டேன். தலை பின்னிவிட்டேன். உன்னைப் போலவே அடர்த்தியான முடி. பள்ளிக்கூடம் பெரியது, பூச்செடியெல்லாம் வரிசையாக வைத்திருக்கிறார்கள். வார்டன் அம்மா நல்ல உயரம்.

நீ சுதாவுக்குக் கடிதம் போடுகிறாய்தானே? எந்தக் கிழமை போடுகிறாய்? சும்மாதான் கேட்கிறேன். அவள் எழுதுகிற கடிதத்தை அத்தான் முழுவதுமா வாசித்துச் சொல்கிறார்களா, இல்லை சுருக்கமாகவா?

வேறு ஒன்றும் விசேஷம் இல்லை. அடுத்த மாதமும் தவறாமல் போவேன்.

உன் தங்கை,
உமா

*

கோவில்பட்டி,
20-7-97

அன்புத் தங்கச்சி உமாவுக்கு அக்கா. இங்கே எல்லாரும் சுகம், மழையைத்தான் காணோம்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பூச்செடி வரிசையை எழுதத் தெரிந்தவளுக்குப் பிள்ளை என்ன பேசினாள் என்று ஒரு வரி எழுதத் தெரியவில்லையா? வார்டன் உயரத்தை வைத்து நான் என்ன செய்ய?

கடிதம் போடுகிறாயா என்று கேட்டிருக்கிறாய். இது என்ன கேள்வி? வாராவாரம் செவ்வாய்க்கிழமை காளியம்மன் கோயிலுக்குப் போகும்போது பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போகிறேன். இதுவரை ஆறு போட்டாயிற்று. நம் வீட்டுப் பூனை குட்டி போட்டது, பசுவந்தனைத் தோட்டத்தில் பாசிப்பயறு விதைக்க மழைக்குப் பார்த்துக்கொண்டிருப்பது, எல்லாம் எழுதுகிறேன்.

அவளிடமிருந்து இரண்டு வாரத்திற்கு ஒன்று ஒழுங்காக வருகிறது. உன் அத்தான் நிறுத்தி நிதானமாக வாசிப்பார். போன கடிதத்தில், அம்மா சுடும் அதிரசம் மாதிரி இங்கே கிடையாது என்று எழுதியிருந்தாள். அதைச் சொல்லும்போது அவருக்கே தொண்டை அடைத்தது. கையெழுத்து அச்சு மாதிரி இருக்கிறது, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. ஒன்றைக் கம்பெனி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார், வருகிறவர்கள் பார்க்க. மற்றதை டிராயரில் பூட்டி வைத்துக்கொள்கிறார். என் கையில் கொடுத்தால் எண்ணெய்க் கறை படுமாம்.

அவள் என்ன பேசினாள் என்று எழுது.

அக்கா

*

கோவில்பட்டி,
24-8-97

உமாவுக்கு அக்கா எழுதுவது. ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஏதாவதா? தம்பிக்கு ஒன்றும் இல்லையே? ஆகஸ்டு முதல் ஞாயிறு போனாயா இல்லையா, அதாவது தெரியவேண்டும்.

காலாண்டு லீவுக்குச் சுதா வரமாட்டாளாம். ஊருக்கு வந்தால் பேச்சு பழையபடி ஆகிவிடும், லீவில் தனி வகுப்பு வைக்கிறோம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்களாம். உன் அத்தான் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டார். என்னிடம் கேட்கவில்லை. இரண்டு நாள் அவருடன் பேசாமல் இருந்தேன். சோற்றை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன்.

உடனே பதில் போடு.

அக்கா

*

மேட்டுப்பாளையம்,
5-9-97

அன்புள்ள அக்கா, நலம். உன் நலம் அறிய ஆவல். மண்டியில் சரக்கு வரத்து அதிகம், அதனால்தான் எழுத முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

ஆகஸ்டிலும் போனேன். சுதாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல் இருந்து சரியாகிவிட்டது. இப்போது ரொம்ப அமைதியான பிள்ளை ஆகிவிட்டாள். வார்டன் அம்மாகூட, "உங்க பொண்ணு இப்பல்லாம் தொந்தரவே குடுக்கிறதில்ல" என்று பாராட்டினார். என்ன பேசினாள் என்று கேட்டிருந்தாய். சின்னப் பிள்ளைகள் ஏதேதோ பேசும், எனக்கு ஞாபகம் இல்லை அக்கா.

நீ மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதே. நான் பார்த்துக்கொள்கிறேன்.

உமா

*

கோவில்பட்டி,
12-10-97

அன்பான உமாவுக்கு அக்கா. இங்கே சுகம். உனக்கும் தம்பிக்கும் நம் பத்திரகாளி துணையிருப்பாள்.

ஒரு ரகசியம். அத்தானிடம் மூச்சு விடாதே. நான் இங்கிலீஷ் படிக்கிறேன்.

ஜனவரியில் ஆண்டுவிழாவாம். அதற்குப் பெற்றோர் போகலாமாம். நான் புடவைகூட எடுத்து வைத்துவிட்டேன். உன் அத்தான் மெதுவாக ஆரம்பித்தார். "நீ வரவேண்டாம்ட்டி. அங்கன வாரவிய எல்லாம் இங்கிலீஷ்ல பேசுவாங்க. பிரின்சிபால் உன்ட்ட ஏதும் கேட்டா நீ முழிப்ப. பிள்ளைக்குத்தான கேவலம்" என்றார். நான் பெற்ற பிள்ளைக்கு நான் கேவலமாம். அழுகை வரவில்லை உமா, ஆத்திரம்தான் வந்தது.

அடுத்த தெருவில் பிரேமலதா என்று ஒரு பெண், நர்சரி பள்ளியில் டீச்சர், இருபத்திரண்டு வயது இருக்கும். மதியம் அவர் கம்பெனிக்குப் போனதும் அவளிடம் போய்விடுவேன். பழைய தீப்பெட்டி லேபிள் கட்டுக்கட்டாக வீட்டில் கிடக்கிறது, அதன் பின்பக்கத்தில்தான் எழுதிப் பழகுகிறேன். எழுதியதை அடுப்பில் போட்டுவிடுவேன். பிரேமலதா, "அக்கா, ஒங்க இங்கிலீஷ் மழைக்குப் பெறகு கரிசல்ல போற வண்டி மாதிரி போகுது" என்று கேலி பண்ணுகிறாள். போகட்டும், வண்டி நகருகிறதே. முப்பத்தொரு வயதில் வாயைக் கோணிக் கோணி ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிப் பார்க்கும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன், படிக்கப் படிக்க ருசியாகவும் இருக்கிறது. பஸ்ஸில் எழுதியிருப்பது, மருந்து பாட்டிலில் எழுதியிருப்பது எல்லாம் திடீரென்று பேச ஆரம்பித்த மாதிரி இருக்கிறது.

ஆண்டுவிழாவில் பிரின்சிபாலிடம் நான்கு வார்த்தை பேசிவிட்டுத்தான் உட்காருவேன், பார்த்துக்கொள். உன் அத்தான் முகம் போகிற போக்கை நீயும் வந்து பார்.

தீபாவளிக்காவது பிள்ளையை அனுப்புவார்களா என்று அடுத்த முறை விசாரி.

அக்கா

*

கோவில்பட்டி,
9-11-97

உமாவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு இன்று மனம் இல்லை.

தீபாவளிக்கும் அனுப்பவில்லை. அது உனக்கே தெரியும். போன வாரம் உன் அத்தான் சரக்கு விஷயமாக நாக்பூர் போயிருந்தார். பிரேமலதாவுக்குத் தீபாவளிப் பலகாரம் கொடுக்கப் போனபோது அவள், "சுதா லெட்டரையே கொண்டாங்கக்கா, அதை வச்சே படிப்போம்" என்றாள். கம்பெனிக் கணக்கப்பிள்ளையிடம் ஏதோ சொல்லிச் சாவி வாங்கி, டிராயரைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்து வந்தேன். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்ததோடு சேர்த்துப் பத்துக் கடிதம்.

பிரேமலதா முதல் கடிதத்தைச் சொல்லிக்கொடுத்தாள். அன்புள்ள பெற்றோருக்கு, நான் நலம், நீங்கள் நலமா, இங்கே குளிர் இதமாக இருக்கிறது, சாப்பாடு நன்றாக இருக்கிறது, ஆசிரியர்கள் அன்பாக இருக்கிறார்கள், நான் நன்றாகப் படிக்கிறேன், உங்கள் கீழ்ப்படிதலுள்ள மகள். இவ்வளவுதான். இருமல் எங்கே, பம்பாய்ப் பிள்ளை எங்கே என்று கேட்டேன். இதில் இல்லை என்றாள். இரண்டாவதை எடுத்தாள். மூன்றாவதை எடுத்தாள். பிறகு பத்தையும் தரையில் வரிசையாகப் பரப்பி, "அக்கா, எல்லாம் ஒண்ணுதான். தேதிதான் வேற. போர்டுல எழுதிப் போடுவாங்க, பிள்ளைங்க அதைப் பாத்து எழுதும்" என்றாள்.

எழுத்து தெரியாவிட்டாலும் கண் இருந்தது எனக்கு. பத்தையும் ஒன்றாக வைத்து ஒரு தரம் பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும்.

அவர் வந்ததும் மேஜைமேல் போட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். சட்டையைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எனக்கும் வாசிக்கத் தெரியாதுட்டி" என்றார். லேபிளில் உள்ள பெரிய எழுத்து மட்டும்தான் தெரியுமாம். "நீ வாயையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்ப. தெரியலன்னு ஒன்ட்ட எப்படிச் சொல்ல? வேற யார்ட்ட குடுத்து வாசிக்கச் சொல்ல? அவ என்ன எழுதுவான்னு நெனச்சனோ அதைச் சொன்னேன்" என்றார்.

அதிரசத்தைச் சொல்லும்போது தொண்டை அடைத்ததே, அது அவருடைய ஏக்கம்தான் உமா. அவளாக அவரே பேசி, அவரே கேட்டிருக்கிறார். நான் அவரை எவ்வளவு திட்டவேண்டும் என்று வைத்திருந்தேனோ அவ்வளவும் வாயிலேயே நின்றுவிட்டது.

ஆனால் பிள்ளை உண்மையில் எப்படி இருக்கிறாள் என்று இப்போது எனக்கு ஒன்றுமே தெரியாது. ஐந்து மாதமாக எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் கட்டியது. மிச்சம் இருப்பது நீ எழுதியது. அதிலும் பூச்செடிதான் இருக்கிறது.

உண்மையை எழுது. நம் அம்மா மேல் ஆணை.

கல்யாணி

*

மேட்டுப்பாளையம்,
15-11-97

அக்கா,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு மூன்று நாள் எழுதிக் கிழித்தேன். மறைக்காமல் எழுதுகிறேன்.

அங்கே தமிழில் பேசினால் ஒரு மரச்சில்லைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிவிடுகிறார்கள். இன்னொரு பிள்ளை தமிழில் பேசுவதைப் பிடித்துக் கொடுத்தால்தான் அதைக் கழற்றி அந்தப் பிள்ளைக்கு மாட்டலாம். சாயங்காலம் யார் கழுத்தில் இருக்கிறதோ அந்தப் பிள்ளைக்குப் பலகாரம் கிடையாது, முட்டி போடவேண்டும். ஜூலையில் நான் போனபோது சுதா கழுத்தில் அது இருந்தது. அவள் யாரையும் பிடித்துக் கொடுக்கவில்லை அக்கா. அதனால் ஜூன் முழுக்க அவள் கழுத்திலேயே கிடந்திருக்கிறது. ஆகஸ்டில் போனபோது அது இல்லை. இங்கிலீஷ் வந்துவிட்டது போல என்று நினைத்தேன். அப்படி இல்லை. அவள் பேசுவதையே விட்டுவிட்டாள்.

என்ன பேசினாள் என்று நீ கேட்டாயே. முதல் நாள் அவள் என் காதில் கேட்டது ஒன்றுதான். "அம்மாவுக்கு என் மேல கோவமா சித்தி? ஏன் ஒரு லெட்டர்கூடப் போடல?"

ஆபீசில் கேட்டேன். தமிழில் வரும் கடிதத்தைப் படித்துப் பார்த்துக் கொடுக்க அங்கே ஆள் இல்லையாம், படிக்காமல் கொடுக்கக் கூடாதாம், வருஷக் கடைசியில் மொத்தமாகத் தருவார்களாம். நீ போட்டதெல்லாம் ஒரு துணிப்பையில் பிரிக்காமல் கிடக்கிறது. சுதாவிடம் இதைச் சொன்னால் போய்க் கேட்பாள், அடி வாங்குவாள் என்று பயந்து, தபால் மெதுவாக வரும் என்று சொல்லிவிட்டேன்.

அன்று சாயங்காலமே அத்தானுக்குப் போன் பண்ணினேன். "அக்காட்ட சொல்லாத உமா. சொன்னா அடுத்த பஸ்ல போய்ப் பிள்ளையக் கூட்டியாந்திருவா. ஒரு வருசம் பல்லைக் கடிச்சிட்டா இங்கிலீஷ் வந்திரும்" என்றார்கள். அதனால் சொல்லவில்லை என்று எழுதினால் பாதிதான் உண்மை. மீதியையும் எழுதிவிடுகிறேன். எனக்குக் கல்யாணம் ஆகி ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை. அந்த ரிஜிஸ்தரில் அவள் பெயருக்கு நேரே என் பெயர் இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு அவளுக்குத் தலை பின்னுகிறேன். நீ கூட்டிப் போய்விட்டால் அது போய்விடும் என்று நினைத்தேன். என்னை மன்னிக்காதே, ஆனால் தெரிந்துகொள்.

உமா

*

கோவில்பட்டி,
30-11-97

உமாவுக்கு,

உனக்கு எழுதக்கூடாது என்று இரண்டு வாரம் இருந்தேன். சுதா விஷயமாக எழுதவேண்டியிருக்கிறது, எழுதுகிறேன்.

உடனே கிளம்பிப் போகத்தான் பையை எடுத்தேன். போனால் நான் தமிழில்தான் பேசுவேன், தண்டனை அவளுக்குத்தான் கிடைக்கும் என்று பிரேமலதா தடுத்தாள். உன் அத்தான் அரையாண்டுப் பரீட்சை முடியட்டும் என்றார். சண்டை போட்டேன்.

முதலில் அவளுக்கு என் கடிதம் ஒன்று போய்ச் சேரட்டும் என்று முடிவு பண்ணி, இங்கிலீஷிலேயே எழுதினேன். பிரேமலதா எழுதித் தருகிறேன் என்றாள். வேண்டாம், நான் பெற்ற பிள்ளைக்கு நானே எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன். எட்டு நாள் ஆயிற்று. உன்னை நினைச்சா பெத்த வயிறு கலங்குது என்று எழுதவேண்டும். பிரேமலதா யோசித்து ஒரு வார்த்தை சொன்னாள். அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்தேன், வேறு யாருக்கோ வந்த வலி மாதிரி இருந்தது. ஏட்டி, என் கண்ணு, என் தங்கக்கட்டி என்று கூப்பிட அதில் வழியே இல்லை. கடைசியில் எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதினேன். அன்புள்ள மகளுக்கு, நான் நலம், நீ நலமா, நான் உனக்குக் கடிதம் எழுதினேன், நன்றாகச் சாப்பிடு, அப்பா நலம், நான் வருவேன், உன் அன்புள்ள அம்மா.

செவ்வாய்க்கிழமை பெட்டியில் போட்டேன். இங்கிலீஷில் இருப்பதால் கொடுத்துவிடுவார்கள். டிசம்பர் முதல் ஞாயிறு நீ போவாய். அவள் கைக்குக் கிடைத்ததா, என்ன சொன்னாள் என்று எழுது. இந்தத் தடவை ஞாபகம் இல்லை என்று எழுதாதே.

கல்யாணி

*

மேட்டுப்பாளையம்,
8-12-97

அக்காவுக்கு உமா.

கடிதம் கிடைத்துவிட்டது. அவளிடம் கொடுத்திருக்கிறார்கள். நோட்டுக்குள் மடித்து வைத்திருந்தாள். தோட்டத்து மூலையில் போய் உட்கார்ந்தோம். "அம்மா எழுதினதைப் பாத்தியா கண்ணு" என்று கேட்டேன். சுற்றிப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னாள், அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"இது அம்மா இல்ல சித்தி. யாரோ போர்டுல எழுதிப் போட்டதை அம்மா பாத்து எழுதியிருக்காங்க."

இல்லை கண்ணு, அம்மாவே படித்து எழுதியது, தமிழில் வாராவாரம் எழுதினாள், இவர்கள்தான் பையில் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். என் முகத்தையே பார்த்தாள். "தபால் மெதுவா வரும்னு அன்னைக்குச் சொன்னீங்க" என்றாள். அதற்குமேல் என்னிடம் பேசவில்லை. தலை பின்னிக்கொள்ளவும் வரவில்லை.

அக்கா, பரீட்சை வரைக்கும் காத்திருக்காதே. வந்து கூட்டிக்கொண்டு போ. கையெழுத்துப் போட நானும் வருகிறேன்.

உமா

*

கோவில்பட்டி,
28-12-97

அன்புள்ள உமாவுக்கு அக்கா எழுதுவது. இங்கே மூன்று பேரும் இருக்கிறோம். அங்கே நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்? குளிருக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தம்பிக்கு முட்டியில் தேய்த்துவிடு.

சுதாவைக் கூட்டிவரப் போன அன்று நீ ஆபீசில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாய், பார்வையாளர் அறையில் நடந்ததை நீ பார்க்கவில்லை. சுதா வந்து எனக்கு எதிரே நின்றாள். நான் வாயைத் திறந்து "ஏட்டி" என்றதுதான் தாமதம், ஓடிவந்து என் வாயைப் பொத்திவிட்டாள். கண் வாசலைப் பார்க்கிறது. உன் அத்தான் பக்கத்தில் நின்றவர் அதைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நீ வரும்வரை மூன்று பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பிரின்சிபாலிடம் பேச நான் படித்து வைத்திருந்த நான்கு வார்த்தையும் எங்கே போனதென்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. பேசுகிறாள், ஆனால் கிசுகிசு என்றுதான் வருகிறது. தண்ணி வேண்டும் என்பதற்குக்கூட வாசலைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தெருவில் நின்று சுதா சுதா என்று கூப்பிட்டால் உள்ளே போய்விடுகிறாள். நான் எரிந்து விழாமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். என் கோபமெல்லாம் இங்கிலீஷ் மேல் இல்லை உமா. பிரேமலதா வீட்டுக்கு இன்னும் போகிறேன், விடமாட்டேன். ஒன்றைக் கொடுப்பதற்கு இன்னொன்றைப் பிடுங்கினார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பள்ளிக்கூடத்தில் வாங்கி வந்த அந்தத் துணிப்பையை நேற்று அவளே கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அவர் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். ஒவ்வொன்றாகப் பிரித்து வாசித்தாள். இருபத்துநான்கு கடிதம். ஒரு மணி நேரம் ஆயிற்று. பூனை குட்டி போட்டதை வாசிக்கும்போது லேசாகச் சிரித்தாள். எல்லாம் முடிந்ததும் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்:

"அப்பா எழுதினது எங்க?"

அப்பா இங்கிலீஷில் எழுதினார்கள், தபாலில் தவறிவிட்டது என்று சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் அவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து வந்து, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"நான் எழுதலம்மா. இங்கிலீஷ்ல எழுதணும்னு சொன்னாங்க. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. எழுதவும் வராது, வாசிக்கவும் வராது" என்றார். போன மாதம் என்னிடம் சொன்னதைத் தவிர, கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவர் இதை யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

அவள் அழுவாள் என்று நினைத்தேன், இல்லாவிட்டால் சண்டை போடுவாள் என்று நினைத்தேன். சண்டை போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். எழுந்து போனாள். தெருக்கதவைச் சாத்தி, எக்கித் தாழ்ப்பாளைப் போட்டாள். ஜன்னலையும் சாத்தினாள். திரும்பி வந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதுக்குள் சொன்னாள்.

"பயப்படாதீங்கப்பா. நான் யார்ட்டயும் பிடிச்சுக் குடுக்க மாட்டேன்."

அவர் அழுததை நான் நேற்றுத்தான் முதல்தடவையாகப் பார்த்தேன்.

கதவைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. சாயங்காலம் வரைக்கும் சாத்தியபடியே இருந்தது. பொங்கலுக்கு நீயும் தம்பியும் வாருங்கள். அவள் உன்னிடம் பேசுவாளா என்று எனக்குத் தெரியாது. வா.

அக்கா கல்யாணசுந்தரி